கவர் வெர்ஷன்: தமிழில் மறுபாடல்

ஒருவர் பாடி வெளியிட்ட பாடலை இன்னொருவர் தம் குரலிலும் தம் வாத்தியச் சேர்க்கையிலும் பாடிப் பதிவு செய்தால் அதுதான் கவர் வெர்ஷன். புதிதாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது முக்கியம். பழைய ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டித் தாளம் சேர்த்தால் அது ரீமிக்ஸ். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

'கவர்' என்றால் மூடுதல், போர்த்துதல். நம்முடைய 'கவர்தல்' என்ற வினைக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். இசையுலகில் இந்தச் சொல் 1940, 50களில் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் பரவியது. அன்று அதில் மரியாதையோ அஞ்சலியோ கிடையாது. போட்டி நிறுவனத்தின் பாடல் விற்கிறதா, அதே பாடலைத் தன் பாடகரைப் பாடவைத்து உடனே கடைக்கு அனுப்பு என்பதுதான் கணக்கு. 'ஷ-பூம்' பாடலை 1954இல் தி கார்ட்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடிப் புகழ்பெற்றது. அதே ஆண்டில் வெள்ளையர் குழுவான தி க்ரூ-கட்ஸ் அதைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யை வெள்ளையரான பேட் பூன் பாடியதும் இப்படித்தான். பாடலை எழுதியவருக்கு உரிமத்தொகை உண்டு; முதலில் பாடியவருக்குப் புதிய தட்டின் விற்பனையில் பங்கில்லை. அந்த நாளில் 'கவர்' என்பது முதல் குரலை உண்மையிலேயே மூடிய சொல்.

பிறகு பொருள் மாறியது. அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் 1965இல் 'ரெஸ்பெக்ட்' பாடியபோது அது, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் கேட்கும் மரியாதை. 1967இல் பாடகி அரேதா பிராங்க்ளின் அதை எடுத்து, தலைப்பை எழுத்தெழுத்தாகச் சொல்லும் பகுதியைச் சேர்த்துப் பாடினார். மரியாதை கேட்பவர் பெண்ணாகிவிட்டார், கேட்கும் தொனியே வேறாகிவிட்டது. எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியாது. பதிவுகளை ஒப்பிடும்போது யார் குரல் இனிமை என்று பார்ப்பதைவிட, யார் யாரிடம் பேசுவதாகப் பாடல் மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உறைப்பாடல்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, பொருள் ஒட்டவில்லை. 'நகல்' என்றால் பாடியவரின் உழைப்பே போய்விடும். 'மீள்பாடல்' பரவாயில்லை, ஆனால் பழைய இடத்துக்கே திரும்புவதாகத் தொனிக்கிறது. நான் 'மறுபாடல்' என்பேன். மறுபதிப்பில் 'மறு' என்றால் மீண்டும். மறுகரையில் அதுவே வேறொன்று. மீண்டும் பாடியது, ஆனால் வேறானது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ரீமிக்ஸுக்கு 'மறுகலவை' என்று வைத்துக்கொண்டால் குழப்பமும் தீரும்.

இதற்கு இணையாக 'முதல் பதிவு' என்ற சொல்லும் வேண்டும். நாம் முதலில் கேட்டது முதல் பதிவாக இருக்க வேண்டியதில்லை. 'ஹவுண்ட் டாக்' என்றதும் எல்விஸ் பிரெஸ்லியின் 1956 பதிவுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது மறுபாடல், அதன் முதல் பதிவு பிக் மாமா தார்ன்டன் என்ற பாடகி பாடி 1953இல் வெளியானது.