மூச்சு முட்டுகிறவரிடம் "நன்றாக இழு" என்று சொல்லலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காலை நெரிசலில் எம்ஆர்டி ரயிலில், அருகில் நின்ற இளம்பெண்ணுக்குத் திடீரென மூச்சிரைத்திருக்கிறது. "செத்துவிடுவேன் போலிருக்கிறது" என்றாராம். விரல்கள் கோணிக்கொண்டன. பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், "நன்றாக மூச்சை இழும்மா" என்றார். அது சரியா?

பேனிக் அட்டாக், அதாவது திடீரெனத் தாக்கும் கடும் பீதி என்றால், சரியில்லை. காரணம் அற்புதமானது.

பயத்தில் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், மூச்சு வேகமெடுக்கும், பள்ளியில் படித்ததுதான். ஓடுவதற்காக உடல் செய்யும் ஏற்பாடு அது. ஆனால், ரயிலில் நிற்பவர் ஓடுவதில்லை. தசைகள் கூடுதலாகக் கரியமில வாயுவை உண்டாக்காதபோது, வேகமூச்சு இருப்பதையும் வெளியே தள்ளிவிடுகிறது. இரத்தத்துக்கு அமிலத்தன்மை தருவது அந்த வாயு; அது குறைய, காரத்தன்மை கூடுகிறது.

அப்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த விளைவை 1904இல் விளக்கியவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அணு மாதிரி தந்த நீல்ஸ் போரின் தந்தை. மூளையின் இரத்தக்குழாய்களும் சுருங்குகின்றன. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் 98, 99 விழுக்காடு என்று காட்டும்; தலையோ கிறுகிறுக்கும். காற்று போதவில்லை என்று இன்னும் இழுப்பார், இன்னும் முட்டும்.

விரல்களுக்கு வருவோம். காரத்தன்மை கூடியதும், இரத்தத்தில் உலவும் கால்சியம் அயனிகளை அல்புமின் புரதம் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. நரம்புகளை அடக்கி வைத்திருப்பது அந்தக் கால்சியம்தான். அது குறைந்ததும் அவை தாமாகவே துடிக்கத் தொடங்கும். உதட்டோரம் மரத்துப்போகும், விரல் நுனிகளில் ஊசி குத்தும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்க, மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டுக் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. மருத்துவரிடம் போகவேண்டிய மாதங்கள் அதில் கரைகின்றன.

ஆகவே, இழுக்கச் சொல்லாதீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் விடுங்கள். அடுத்த நிலையத்தில் இறக்கி உட்கார வையுங்கள். கேட்காமல் தொடாதீர்கள். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்பதைவிட, "கூடவே இருக்கிறேன், சற்று நேரத்தில் தணிந்துவிடும்" என்பது உதவும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். காகிதப்பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ மாரடைப்போ இதைப்போலவே தோன்றலாம். அவர்களுக்குப் பை ஆபத்து.

நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய் இருந்தாலோ, முதல்முறை என்பதால் என்னவென்றே தெரியாவிட்டாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அடிக்கடி வந்தால் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். இதற்கான சிகிச்சையில், மேற்பார்வையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைப்பதும் உண்டு: அதே கிறுகிறுப்பு, அதே ஊசி குத்தல் வரும், உயிர் போகாது என்பதை உடலே கற்றுக்கொள்ளும்.