பாராநார்மல் ரொமான்ஸ்: அமானுஷ்யக் காதலா, அணங்குக் காதலா?

பேயைக் கண்டு ஓடினால் ஹாரர். நின்று பேச்சுக் கொடுத்தால் பாராநார்மல் ரொமான்ஸ். சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், ஆவி என்று ஏதோ ஒன்றோடு ஒரு மனிதருக்கு வரும் காதலே கதையைத் தாங்கும் உத்திரமாக இருந்தால், ஆங்கிலப் புத்தகக் கடைகள் அதற்கு இந்தப் பெயர் கொடுத்துத் தனி அலமாரியில் வைக்கின்றன. தமிழில் தொடர்கதை எழுதுவோர் ‘அமானுஷ்யக் காதல்’ என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவாகத் திருப்தியில்லை. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

‘நார்மல்’ தச்சுப் பட்டறையில் பிறந்த சொல். லத்தீனில் ‘நோர்மா’ என்றால் மூலைமட்டம். ஆசாரி சட்டத்தின் மூலையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதேதான். அந்த மட்டத்துக்குள் அடங்குவது நார்மல். கிரேக்க ‘பாரா’வுக்குப் பக்கத்தில், அப்பால் என்று பொருள். மட்டத்தில் உட்காமல் பக்கவாட்டில் நிற்பது பாராநார்மல். ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆவிகளை ஆராய 1882இல் லண்டனில் சங்கமே தொடங்கியிருந்தார்கள். படித்தவர்கள் ‘பேய்’ என்று சொல்லக் கூசிய இடத்தில் இது வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

‘ரொமான்ஸ்’ முதலில் காதலே அல்ல, மொழி. பழைய பிரெஞ்சில், புலவர்களின் லத்தீனில் அல்லாமல் ஊர் பேசும் மொழியில் எழுதப்பட்டதை அப்படிச் சொன்னார்கள். அந்த மொழியில் வீரர்களின் சாகசக் கதைகள் பெருகின. கதைகளுக்குள் காதல் பெருகியது. மொழியின் பெயர் கதைக்குப் போய், கதையின் பெயர் காதலுக்குப் போய்ச் சேர்ந்தது.

‘ஹாரர்’ இன்னும் சுவாரசியம். அதன் லத்தீன் வேருக்கு ‘மயிர் சிலிர்த்து நிற்றல்’ என்று பொருள். நம் மயிர்க்கூச்செறிதல். இந்தச் சிலிர்ப்பு இருட்டில் யாரோ பின்னால் நிற்பதுபோலத் தோன்றினாலும் வரும், வேண்டியவர் கை பட்டாலும் வரும். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு திகில் எழுத்தாளர் காதல் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாத்திசன் (1926–2013). 1954இல் வெளிவந்த அவருடைய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலில், காட்டேரித்தனம் கிருமியால் பரவும் நோய். நாயகன் நெவில் வீட்டைப் பலகை அடித்துப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறான். நோயில் செத்த மனைவியை அவன் புதைக்கிறான். பிறகு அவள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள், அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு. அந்த இடத்தைப் படித்துவிட்டு விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே மனிதர் 1978இல் ‘வாட் ட்ரீம்ஸ் மே கம்’ எழுதினார். இம்முறை இறப்பவன் கணவன். துயரம் தாங்காமல் மனைவி தன் உயிரை மாய்த்துக்கொள்ள, அவளைத் தேடி அவன் நரகத்துக்குள்ளேயே இறங்குகிறான். 1954இல் செத்தவள் வாசலுக்கு வந்தால் அது திகில். 24 ஆண்டு கழித்து, செத்தவளைத் தேடி வாசல் தாண்டிப் போனால் அது காதல். நடுவில் இருக்கும் வாசல் ஒன்றுதான், அதைத் தாண்டுகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

இரண்டுக்கும் நடுவே, 1975இல், ‘பிட் டைம் ரிட்டர்ன்’ வந்தது. நெவாடாவில் ஒரு பழைய நாடகக் கொட்டகைக்குக் குடும்பத்தோடு போன மாத்திசன், அங்கே மாட் ஆடம்ஸ் என்ற அந்தக்கால நடிகையின் புகைப்படத்தைப் பார்த்து அசந்து நின்றாராம். அதுதான் விதை. நாவலின் நாயகனும் ஒரு விடுதியில் பழைய நடிகையின் படத்தைப் பார்த்து மயங்கி, மனத்தை வசியம் செய்துகொண்டு 1971இலிருந்து 1896க்குப் போகிறான். 1980இல் இது ‘சம்வேர் இன் டைம்’ என்று படமானது. படத்தில் அவன் புறப்படும் காலமும் மாறுகிறது, போய்ச் சேரும் ஆண்டு 1912. காதலியோடு சிரித்துப் பேசிக்கொண்டே கோட்டுப் பையில் கைவிடுகிறான். ஒரு சில்லறைக் காசு அகப்படுகிறது. அதில் அச்சாகியிருக்கும் ஆண்டு 1979. அவ்வளவுதான், வசியம் கலைந்து அவள் கண்ணெதிரே தூரமாகிப் போகிறாள். காதல் கதைக்குள் ஒளித்து வைத்த திகில் எழுத்தாளன் கை அது. ஒரு சின்னப் பொருளைக் காட்டி வயிற்றைக் கலக்குவது அவருக்குப் பழகிய தொழில்.

கறாராகப் பார்த்தால் இவற்றைப் பாராநார்மல் ரொமான்ஸ் அலமாரியில் வைக்கமாட்டார்கள். ஆங்கிலப் பதிப்புத் தொழிலில் ரொமான்ஸ் என்றால் முடிவு நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும். செத்தபின் சேர்ந்தால் போதாது. அந்த அலமாரி நிலைபெற்றதும் 1990களில்தான். 1993இல் தொடங்கிய லாரல் கே. ஹாமில்டனின் காட்டேரி வேட்டைத் தொடர் துப்பறியும் கதையாகப் புறப்பட்டு, போகப்போகக் காதலுக்குள் புகுந்தது. பழைய வாசகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 2005இல் ‘ட்வைலைட்’ என்ற காட்டேரிக் காதல் நாவல் வந்தபின் விளக்கம் தேவைப்படாமலே போய்விட்டது.

இப்போது தமிழுக்கு. ‘அமானுஷ்யம்’ என்றால் மனிதத்தன்மை அல்லாதது. இந்த வகைக் கதையில் நடப்பதோ நேர்மாறு: காட்டேரிக்கு மனிதத்தன்மை கூடிக்கொண்டே போகிறது, அழக்கூட அழுகிறது. போதாக்குறைக்கு, நம் காதில் அந்தச் சொல் ஆளரவமற்ற பங்களாவையும் நாய் ஊளையிடும் ராத்திரியையும்தான் கொண்டுவரும். ‘இயல்பு கடந்த காதல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வீட்டுப் பெரியவர்கள் யாரையோ கண்டிப்பதுபோல இருக்கிறது.

என் பரிந்துரை ‘அணங்கு’, ஆளைப் பிடித்து வருத்தும் தெய்வ சக்தி. தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களை அடுக்கும்போது, “அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎன” என்கிறார். காட்டு விலங்குக்கும் திருடனுக்கும் அரசனுக்கும் முன்னால், முதல் இடம் அணங்குக்கு. அதே சொல்லை வள்ளுவர் காமத்துப்பாலின் முதல் குறளின் முதல் சொல்லாக வைக்கிறார்: “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ”. எதிரே வருபவள் அணங்கா, மயிலா, பெண்ணா என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த குறளில் அவள் திருப்பிப் பார்த்ததுமே ‘தாக்கணங்கு’ படையோடு வந்ததுபோல இருக்கிறதாம். பயத்துக்கு வைத்த சொல்லை எடுத்துக் காதலுக்கும் வைத்துக்கொண்ட மொழி இது.

சங்கப் பாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காதலில் மெலிந்த மகளை முருகு அணங்கிவிட்டது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று நம்பி, தாய் பூசாரி வேலனைக் கூப்பிட்டு வெறியாட, அதாவது சாமியாட வைப்பாள். காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவனின் மார்பு என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணை 34இல் அவள் முருகனையே பிடித்துக்கொள்கிறாள்: நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, நிச்சயம் அறியாமை உடையவன்தான், வாழ்க. இங்கே பேய்க்கதை என்று தாய் நினைத்தது காதல் கதையாக இருக்கிறது.

எழுதும்போது ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். ‘குரங்குக்கால்’ போல வேற்றுமையில் வல்லினம் மிகும். ‘அணங்குக் காதல்’ என்றால் அணங்கோடு வரும் காதல். க் போடாமல் ‘அணங்கு காதல்’ என்று எழுதினால் அது வினைத்தொகை. அணங்குதல் என்றால் வருத்துதல். நேற்று வருத்தியதும், இன்று வருத்துவதும், நாளை வருத்தப்போவதுமான காதல் என்று பொருள் விரியும். அதற்குப் பேய் தேவையில்லை.