குவிட்கிளைம்: விடுவது நிலத்தையா, கோரலையா?

அமெரிக்க நில ஆவணங்களில் வரும் 'குவிட்கிளைம்' என்ற சொல்லைப் பலரும் 'விடுதலைப் பத்திரம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். நெருங்கிய சொல்தான், ஆனால் அதுவே இது அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் எழுதும் விடுதலைப் பத்திரத்தில், கூட்டுச் சொத்தில் பாகம் உள்ளவர் அதை மற்ற பாகஸ்தருக்கு விட்டுக்கொடுக்கிறார். அங்கே பாகம் இருப்பது தெரிந்த விஷயம். குவிட்கிளைமிலோ, எழுதிக்கொடுப்பவருக்கு ஏதாவது இருக்கிறதா என்பதே தெரிய வேண்டியதில்லை. "எனக்கு இதில் பாத்தியதை ஏதும் இருந்தால் அதை விட்டேன்" என்பதோடு அவர் பொறுப்பு முடிந்தது. வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழி கிடையாது. அவருக்கு ஒன்றும் இல்லையென்றால், பெற்றவருக்கும் ஒன்றும் இல்லை.

இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. அதன் லத்தீன் வேர்கள் இரண்டு: 'குயேட்டுஸ்' என்றால் அமைதியான, விடுபட்ட; 'கிளமாரே' என்றால் கூவிச் சொல்லுதல். இனி கோரிக்கை இல்லை என்று உரக்க அறிவிப்பதே மூலப்பொருள். நில உரிமையை உறுதிசெய்யப் போடும் 'குவையட் டைட்டில்' வழக்கின் முதற்சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். காதில் விழுந்தபடி 'குயிக் கிளைம்' என்று எழுதுவது பிழை. வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதை அரசாங்கமே எழுதித்தர வேண்டிய நிலை ஏன் வருகிறது? அமெரிக்கக் கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு எதிராக அனுபவ பாத்தியதை (நெடுங்காலம் அனுபவித்ததால் வரும் உரிமை) ஓடாது. எத்தனை தலைமுறை உழுதாலும், பதிவேட்டில் கூட்டரசின் பெயர் நிழலாக நின்றால் உரிமைமூலம் (டைட்டில்) தெளியாது. உரிமைக் காப்பீடு (உரிமையில் குறை தெரிந்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு) கிடைக்காது, வங்கியும் தயங்கும்.

இந்தச் சிக்கல் எழும் ஓரிடமாக ஆற்றங்கரை நிலத்தைப் பாருங்கள். அரசு அளவையர்கள் வளைந்த கரையை நேர்கோட்டுத் துண்டுகளாக அளந்து வரைபடத்தில் போட்டார்கள். அந்தக் கோட்டுக்கும் உண்மையான கரைக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் நிற்கும். அது யாருடையது? பொதுவாக எல்லை நீர்க்கரைதான், கோடு அல்ல. வண்டல் மெல்லச் சேர்ந்தால் அதுவும் கரைக்காரருக்கே. ஆறு திடீரென்று பாதை மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். அரசின் கோரலை விடச்சொல்லிக் கேட்கும் விண்ணப்பம் இந்த வேறுபாட்டைக் காட்டத் தவறினால் வலுவிழந்துவிடும்.

அப்படி விண்ணப்பிக்க வழிசெய்வது 1976ஆம் ஆண்டின் கூட்டரசு நிலக் கொள்கை, மேலாண்மைச் சட்டத்தின் 315ஆம் பிரிவு. எழுத்து மூலம் விண்ணப்பித்து, நிர்வாகச் செலவைக் கட்ட வேண்டும். காரணங்களைச் சொல்லும் அறிவிப்பு, ஆவணம் தருவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே கூட்டரசு இதழில் (அமெரிக்க அரசிதழில்) வர வேண்டும். கிடைக்கும் ஆவணத்தின் பெயர் 'உரிமை மறுப்பு ஆவணம்'. அரசின் குவிட்கிளைம் பத்திரத்துக்கு உள்ள அதே விளைவு இதற்கும் உண்டு என்று சட்டமே சொல்கிறது. கையில் வாங்கியதும் மாவட்டப் பதிவகத்தில் பதிந்துவிட வேண்டும்.

தடுக்கி விழும் இடம் 12 ஆண்டுக் கெடு. அரசின் கோரல் உரிமையாளருக்குத் தெரிந்த நாளிலிருந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 12 ஆண்டு கடந்தால், மாநில அரசுகள் தவிர மற்றவர்களின் விண்ணப்பம் ஏற்கப்படாது. கூட்டரசுமேல் உரிமைமூல வழக்குப் போட வழிவிடும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே 12 ஆண்டுதான். பழங்குடியினருக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நிலத்தை நிர்வகிக்கும் வேறு கூட்டரசுத் துறை தகுந்த ஆட்சேபம் சொன்னாலும் ஆவணம் வராது.

நிலம் உண்மையிலேயே அரசுடையதுதான் என்றால் இந்த வழி உதவாது. நல்லெண்ணத்தோடு, ஓர் ஆவணத்தை நம்பி 20 ஆண்டு அனுபவித்து, பயிரிட்டோ மேம்படுத்தியோ வந்தவருக்கு 1928ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. அதில் 160 ஏக்கர் வரை விலை கட்டி அரசுப் பட்டயமே (அரசு நிலத்தை உரிமையாக்கித் தரும் ஆவணம்) பெறலாம். பக்கத்து நிலத்துக்காரரோடு உள்ள தகராறை இந்த ஆவணங்கள் எதுவும் தீர்க்காது. அரசின் வாயை மட்டுமே அவை அடைக்கும்.

தமிழில் 'உரிமை மாற்றம்', 'தானம்' இரண்டுமே தவறு. 'உரிமைத் துறப்பு' என்றாலும் உரிமை இருந்ததாகிவிடும். 'கிளைம்' என்பது கோரல். ஆகவே 'கோரல்விடுப்பு', ஆவணத்துக்குக் 'கோரல்விடுப்புப் பத்திரம்' என்பதே என் பரிந்துரை. பத்திர வாசகத்தில் 'விற்றேன்', 'கொடுத்தேன்' போன்ற வினைகளைத் தவிர்த்து, 'எனக்கு இருக்கக்கூடிய கோரல் அனைத்தையும் விட்டேன்' என்று எழுதுங்கள்.