பல்லே இல்லாத தாடையில் ரோபோ எதைப் பிடித்துக்கொள்ளும்?

திருகோணமலையில் பல் முழுக்க விழுந்த முதியவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்கிறார்கள்: "டொக்டர், ரோபோ வச்சு இம்பிளான்ட் போட்டா பிழையே வராதாமே?" இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்வேர். அதைப் பொருத்துவதில் ரோபோ துல்லியமானதுதான். ஆனால் அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று விளங்காமல் அம்மாவுக்கோ வாப்பாவுக்கோ முடிவெடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் யோமி என்ற ரோபோவுக்கு 2016இன் இறுதியில் அனுமதி கிடைத்தது. அதில் துளையிடும் கருவி வைத்தியரின் கையில்தான் இருக்கும். திட்டமிட்ட பாதையை விட்டு விலகப் பார்த்தால் ரோபோக் கை தடுக்கும். 2017இல் சீனாவின் சியான் நகரில் வைத்தியர்கள் பக்கத்தில் நிற்க, ரோபோ தானாகவே ஒரு பெண்ணுக்கு இரண்டு இம்பிளான்ட்களைப் பொருத்தியது.

தாடை எங்கே இருக்கிறது என்பது ரோபோவுக்கு எப்படித் தெரியும்? வாயில் பொருத்திய ஓர் அடையாளத் தகட்டை வைத்துத்தான். முப்பரிமாண ஸ்கானில் தெரியும் எலும்பையும் நாற்காலியில் இருக்கும் மனிதரின் எலும்பையும் அதுதான் இணைக்கிறது. சில பற்கள் மிஞ்சியிருந்தால் தகட்டை அவற்றில் இறுக்கிவிடலாம். பல்லே இல்லாதவருக்கு இருப்பது முரசு மட்டும். அது மெத்தென்றது, அழுத்தினால் நகரும். அதனால் எலும்பிலேயே சின்னத் திருகாணிகளைப் போட்டுத் தகட்டை நிறுத்துகிறார்கள். ஸ்கானுக்குப் பிறகு அந்தத் திருகாணி கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் பிழை: ஆட்டங்காணும் முளையில் நூல் கட்டி அத்திவாரம் வெட்டுவது போல, ரோபோ மிகத் துல்லியமாகத் தவறான இடத்தில் துளைக்கும். அதைக் கண்டுபிடித்து நிறுத்தவேண்டியவர் வைத்தியர்தான்.

அளவுகளைப் பார்ப்போம். ரோபோ இல்லாமல், துளையிட வழிகாட்டும் அச்சுத் தகட்டை வாயில் வைத்துச் செய்யும் முறையில், திட்டத்திலிருந்து சராசரி விலகல் இம்பிளான்ட் நுழையும் இடத்தில் சுமார் 1.2 மில்லிமீற்றர், அதன் நுனியில் 1.4 மில்லிமீற்றர், சாய்வில் 3.5 பாகை என்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ரோபோ ஆய்வுகளில் விலகல் பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்குள், சாய்வு ஓரிரு பாகை. நல்ல முன்னேற்றம். 12 மில்லிமீற்றர் நீள இம்பிளான்ட் 5 பாகை சாய்ந்தாலே நுனி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தள்ளிப்போகும். ஆனாலும் இவை சராசரிகள். உங்கள் அம்மாவின் நரம்புக்குச் சராசரி கிடையாது. அதனால்தான் கீழ்த்தாடை நரம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டே திட்டமிடுகிறோம். அந்த நரம்பு காயப்பட்டால் கீழுதடும் நாடியும் விறைத்துப்போகும், சில வேளை நிரந்தரமாக. பல் போய் நீண்ட காலமான தாடையில் எலும்பு தேய்ந்து, அந்த நரம்பு வெளிவரும் துவாரம் முரசின் மேட்டுக்கே வந்திருக்கலாம். கட்டுப்பல் போட்டதும் "சுள்ளென்று குத்துது" என்பவர்கள் சிலருக்கு இதுதான் காரணம்.

என் அபிப்பிராயம் இது: கட்டுப்பல் ஆடுகிறது, சோறு மெல்ல முடியவில்லை என்று வரும் முதியவருக்குப் பெரும்பாலும் முழுத்தாடை நிறைய இம்பிளான்ட் தேவையில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம், நரம்பு வெளிவரும் இருபக்கத் துவாரங்களுக்கும் நடுவே இரண்டு போட்டு, கழற்றக்கூடிய கட்டுப்பல்லை அதில் கொழுவினால் போதும். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தெரிவாக்க வேண்டுமென்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அந்த இடத்தில் எலும்பும் பொதுவாக மிஞ்சியிருக்கும். கவனமாகத் திட்டமிட்டால் ரோபோ இல்லாமலேயே நன்றாகச் செய்யலாம்.

அப்புறம், எந்த இயந்திரத்தாலும் சரிக்கட்ட முடியாதவை சில. கட்டுக்குள் இல்லாத சீனி வருத்தம், சிகரெட், வாயில் எப்போதும் கிடக்கும் வெற்றிலை புகையிலை. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு.

வரும்போது பழைய கட்டுப்பல்லையும் கொண்டுவாருங்கள். சரியாகப் பொருந்துகிறதென்றால் அதில் அடையாளம் ஒட்டி வாயில் வைத்தே ஸ்கான் எடுக்கலாம். புதுப் பல் எங்கே வரவேண்டும் என்பது அதில்தான் தெரியும்.