ஃப்ரீ ஏஜென்டும் பரிமேலழகரும்

கூடைப்பந்துச் செய்தி ஒன்றை யாரோ இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கியிருந்தார்கள். ‘லெப்ரான் ஜேம்ஸ் சுதந்திர முகவர் ஆனார்’ என்று இருந்தது. முப்பது வருடமாக எல்ஐசி ஏஜென்டாக இருக்கும் என் சித்தப்பா அதைப் படித்துவிட்டு, “பந்து ஆடுறதை விட்டுட்டு ஏஜென்சி எடுத்துட்டானா? எந்தக் கம்பெனிடா?” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் சரியான சொல்லை அவருக்குச் சொல்லப் போனால் எனக்கும் வாயில் வரவில்லை.

விஷயம் எளிது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால், அடுத்து எந்த அணிக்கு ஆடுவது என்று அவரே முடிவு செய்யலாம். அந்த நிலையில் இருப்பவர் ஃப்ரீ ஏஜென்ட். அந்த நிலைக்கும், ஜூன் கடைசியில் தொடங்கும் ஆள்பிடிக்கும் பருவத்துக்கும் ஃப்ரீ ஏஜென்சி என்று பெயர். ஆட்டக்காரருக்காகப் பேரம் பேசுகிற ஏஜென்ட் வேறு ஆள். 2018இல் லெப்ரான் ஃப்ரீ ஏஜென்ட். அவருடைய ஏஜென்ட் ரிச் பால். குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது, பாவம் இயந்திரம் என்ன செய்யும்.

ஏஜென்ட் என்பதன் வேர் ‘அகெரே’ என்ற லத்தீன் வினை. செலுத்து, ஓட்டு, செய் என்றெல்லாம் பொருள். ஆக்‌ஷன், ஆக்டர், அஜெண்டா எல்லாம் அந்த வேரில் வந்தவை. ஆக, ஏஜென்ட் என்றால் முதலில் ‘செய்கிறவர்’. இன்னொருவருக்காகச் செய்து கொடுப்பவர் என்ற தரகர்ப் பொருள் அதன் ஒரு கிளை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஃப்ரீ ஏஜென்ட் என்று பேசியவர்கள் இறையியலாளர்களும் தத்துவவாதிகளும். மனிதன் தன் இச்சைப்படி செயல்படுகிறானா, கடவுள் விதித்தபடியா என்பது அவர்கள் வழக்கு. விளையாட்டு மைதானத்துக்கு அந்தச் சொல் பின்னால்தான் வந்தது.

மைதானத்தில் அதற்கு வேலை வந்ததற்குக் காரணம் பேஸ்பால். 1879இல் தொடங்கிய ‘ரிசர்வ்’ ஏற்பாடு வளர்ந்து, ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குத்தான் சொந்தம் என்று ஆகிவிட்டது. அணி அவரை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். செயின்ட் லூயிஸில் 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை 1969இல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் போக மறுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்பதற்கு நான் ஒரு சொத்து அல்ல என்பதே அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. 1975இல் ஒரு தகராறு தீர்க்கும் நடுவரின் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பேஸ்பால் வீரர்களுக்கு ஃப்ரீ ஏஜென்ட் ஆகக் கதவு திறந்தது.

கூடைப்பந்தில் அந்தச் சண்டையைப் போட்டவர் ஆஸ்கர் ராபர்ட்சன். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக 1970இல் அவர் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகும் பழைய அணி குறுக்கே நிற்க வழி இருந்தது. எந்தத் தடையும் இல்லாமல் அணி மாறிய முதல் ஆள், 1988இல் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸ்.

இங்கேதான் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ஒரு தொழில் நடக்க வேண்டியவை எட்டு என்று எண்ணும் தொல்காப்பியர், அதில் ‘செய்வது’ என்று ஒன்றையும் ‘செயப்படுபொருள்’ என்று ஒன்றையும் தனித்தனியே வைக்கிறார். செய்கிறவருக்கு வினைமுதல் என்று பெயர். ஃப்ளட் கேட்டது இவ்வளவுதான்: நான் செயப்படுபொருள் இல்லை, வினைமுதல். சொத்து என்ற அவர் சொல்லுக்கும் நம் ‘பொருள்’ எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை, அவர் கேட்காமலே, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. ‘டான்சிச் கொடுக்கப்பட்டார்’ என்று எழுதினால் எழுவாய் டான்சிச்தான், வினைமுதல் டாலஸ். ‘லெப்ரான் லேக்கர்ஸுக்குப் போனார்’ என்பதில் எழுவாயும் வினைமுதலும் ஒரே ஆள். ஃப்ரீ ஏஜென்சி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முகவர் கூடாது, அது தரகர்ப் பொருள். ‘சுதந்திர வீரர்’ என்றால் வ.உ.சி. காலத்து ஆள்தான் நினைவுக்கு வருகிறார். ‘கட்டற்ற ஆட்டக்காரர்’ பரவாயில்லை, கட்டற்ற மென்பொருள் என்று புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஃப்ரீ ஏஜென்டில் கட்டுள்ள வகையும் உண்டு. அதில் வெளி அணி விலை சொல்லலாம். பழைய அணி அதே விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஐபிஎல் ஏலத்தின் ஆர்டிஎம் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 2012இல் நியூயார்க்குக்கு ஆடிவந்த ஜெரமி லின்னுக்கு ஹூஸ்டன் மூன்று ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் என்றது. நியூயார்க் அந்த விலைக்கு வரவில்லை, லின் கிளம்பிவிட்டார். இந்த வகையைக் ‘கட்டுள்ள கட்டற்றவர்’ என்றா எழுதுவது?

என் ஓட்டு ‘தன்வய ஆட்டக்காரர்’ என்பதற்கு. ‘எண்குணத்தான்’ என்ற குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், இறைவனின் எட்டுக் குணங்களில் முதலாவதாகச் சொல்வது ‘தன்வயத்தன் ஆதல்’. பிறர் வசத்தில் இல்லாமல் தன் வசத்தில் இருப்பது. ஆங்கிலச் சொல் இறையியலில் இருந்து வந்தது போல இதுவும் அங்கிருந்தே வருகிறது. வயம் என்பதே வசத்தின் இன்னொரு வடிவம்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் முறைக்கலாம். பரிமேலழகருக்கு ஆகும் என்றால் எனக்கும் ஆகும். வரம்புள்ள தன்வயம், வரம்பற்ற தன்வயம் என்று இரண்டு வகையையும் உறுத்தாமல் சொல்லிவிடலாம். இதற்கு எதிரான ‘பரவசம்’ பிறர் வசமாவது. அது ரசிகர்களின் பங்கு.

அப்படியானால் உச்சத்தில் இருக்கும் ஒருவர் அணி மாறலாமா? பணக்கணக்கு ‘இரு’ என்கிறது. சொந்த அணி ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு முதல் சம்பளத்தில் 8 சதவீத உயர்வு தரலாம். வெளி அணி நான்கு ஆண்டு, 5 சதவீதம்தான். முதல் ஆண்டுச் சம்பளம் 3 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் இங்கே 17.4 கோடி, அங்கே 12.9 கோடி. அதையும் மீறிப் போகிறவரைப் பணத்தாசை பிடித்தவன் என்று திட்டுவது கணக்குத் தெரியாத பேச்சு.

2010 ஜூலை 8ஆம் தேதி லெப்ரான் மயாமிக்குப் போவதாக அறிவித்தபோது கிளீவ்லாந்தில் அவர் பனியனைக் கொளுத்தினார்கள். போனது தப்பில்லை, பிறந்த மண்ணின் அணியைக் கைவிடுவதைத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி போட்டு அறிவித்ததுதான் தப்பு. 2014இல் திரும்பி வந்து 2016இல் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் அதே ஊர் கொண்டாடியது. இன்னொரு நட்சத்திரமான கெவின் டுரான்ட் கதை வேறு. 2016இல் அவருடைய ஓக்லஹோமா அணி, கோல்டன் ஸ்டேட் அணியிடம் ஒரு தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றது. சில வாரம் கழித்து, அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்றிருந்த அதே கோல்டன் ஸ்டேட்டில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலராகத் தாவியதால்தான் அவரை அந்த அணியால் வாங்க முடிந்தது. 2017, 2018 இரண்டு கோப்பை, இரண்டிலும் இறுதித்தொடர் நாயகன் அவரே. எனக்கு அந்த வெற்றி ருசிக்கவில்லை. ஆனால் துரோகம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்திருந்தது, வினைமுதல் அவர்.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் ஒரு மாலை விளக்கினேன். தொல்காப்பியத்தில் பாதிக் கவனம், பரிமேலழகரில் ஒரு கொட்டாவி. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பாலிசி மெச்சூர் ஆயிடுச்சு. திரும்ப நம்மகிட்டயே போடறதா, வேற எடத்துல போடறதான்னு பார்ட்டி யோசிக்கிறான். அவ்வளவுதானே?” என்றார்.