மேண்டேட்டை நிறுத்திவிட்டால் போன பணம் வந்துவிடாது

"ஆட்டோ டெபிட்டை நிறுத்திட்டேன், கூடுதலாப் போன பணம் இன்னும் வரலையே?" வங்கிப் புகார்ப் பிரிவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மேண்டேட்டை, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நீங்கள் தந்த அனுமதியை, ரத்து செய்தால் இனிமேல் போகவிருக்கும் பணம் மட்டுமே நிற்கும். ஏற்கெனவே போனது நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்பது தனி வேலை, தனி விண்ணப்பம். செயலியில் 'ரத்து' என்பதை அழுத்தினால் ரீஃபண்ட் கேட்டதாக ஆகாது. செயலியையே போனிலிருந்து நீக்கினால் ரத்து செய்ததாகக்கூட ஆகாது! மேண்டேட்டை ரத்து செய்தாலும் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. சந்தா ஓடும், பாக்கி ஏறும், கடன் தவணையாக இருந்தால் கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

முதலில் பணம் எந்த வழியில் போனது என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். மாதாமாதம் இவ்வளவு அனுப்பு என்று நீங்களே வங்கிக்குச் சொல்லி வைத்திருந்தால், தவணை முடிந்த பிறகும் போன தொகையை வங்கி இழுத்துத் தர முடியாது. பெற்றவரிடம்தான் கேட்க வேண்டும். நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் முறை என்றால் நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் டைரக்ட் டெபிட் கேரண்டியின்படி, தவறாக எடுத்ததை உங்கள் வங்கியே உடனே முழுதாகத் தர வேண்டும். ஐரோப்பாவில் யூரோ பணப் பரிமாற்றத்துக்கான செபா முறையில் 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே கேட்கலாம். அனுமதியே இல்லாத டெபிட்டுக்கு 13 மாதம். இந்தியாவில் அப்படிக் கேள்வி கேட்காத ரீஃபண்ட் இல்லை. ஆனால் கார்டு, யுபிஐ மேண்டேட்டுகளில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரும்; அந்த ஒரு டெபிட்டை மட்டும் அப்போதே தடுக்கலாம். தயவுசெய்து அந்தக் குறுஞ்செய்தியைப் படியுங்கள்.

கார்டு வழியே போயிருந்தால் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கார்டு தந்த வங்கி மூலமாகப் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். ஒவ்வொரு டெபிட்டுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பழையவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

"நிறைய எடுத்துட்டாங்க" என்று எழுதாதீர்கள். தேதி, எடுக்க வேண்டியது, எடுத்தது, வித்தியாசம் என்று அட்டவணை போடுங்கள். 500 போக வேண்டிய இடத்தில் 650 வீதம் 14 மாதம் போயிருந்தால், கேட்க வேண்டியது 2,100. கேட்பதற்கு முன் கட்டண உயர்வு அறிவிப்போ பழைய பாக்கியோ இருந்ததா என்று பாருங்கள். பல புகார்கள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. மின்சாரம், எரிவாயு போன்றவற்றில் உத்தேச அளவீட்டால் தொகை கூடியிருந்தால் மீட்டரின் இன்றைய படத்தை இணையுங்கள்.

நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்: வாடிக்கையாளர் எண், மேண்டேட் எண், மொத்தத் தொகை. "அடுத்த பில்லில் கழிக்க வேண்டாம், வங்கிக் கணக்குக்கே திருப்புங்கள்" என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். நிறுவனம், வங்கி இரண்டிடமும் ஒரே தொகையை வாங்காதீர்கள். ஒன்று திரும்பப் பிடிக்கப்படும்.

இந்தியாவில் வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் அது வங்கியின் தவறுக்கு. பொருளோ சேவையோ விற்றவர்மேல் புகார் என்றால் நுகர்வோர் ஆணையம்.

இதற்கிடையில் "ரீஃபண்ட் போடுறோம்" என்று யாராவது அழைத்தால் ஓடிபி சொல்லாதீர்கள், யுபிஐ பின் போடாதீர்கள். பின் போட்டால் பணம் போகும், வராது.