ஒருவழிப் பாதையில் டி.என்.ஏ. நகல்

டி.என்.ஏ. நகலெடுக்கும் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய ஏணி ஒன்று ஜிப் மாதிரி நடுவே திறக்கும், இரண்டு பக்கமும் புது இழை வளரும், ஒன்று இரண்டாகும். தப்பான படம் இல்லை. ஆனால் அதில் முக்கியமான சங்கதி ஒன்று விட்டுப்போகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளரவே முடியாது. ஒரு பக்கம் சுலபம், மறுபக்கம் பெரும் தலைவலி. என்னைக் கேட்டால், அந்தத் தலைவலி ஏன் வந்தது என்று பிடிபட்டுவிட்டால் மீதி தானாக விளங்கிவிடும்.

அடிப்படை எளிதுதான். ஏணியின் படிகள் நான்கு வேதி எழுத்துகளால் ஆனவை: அடினைனுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். அதனால் ஓர் இழை கையில் இருந்தால் போதும், அதன் ஜோடியை எழுதிவிடலாம். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இந்த அமைப்பைச் சொன்னபோதே நகலெடுக்கும் வழியும் ஊகிக்கக் கிடைத்தது. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் அதைச் சோதித்துக் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜனில் பல தலைமுறை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் டி.என்.ஏ. முழுவதும் கனமும் இல்லாமல் லேசும் இல்லாமல் நடுவே நின்றது. அடுத்த தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி லேசான இடத்திலும் பிரிந்தது. ஆக, ஒவ்வொரு நகலிலும் ஒரு பழைய இழை, ஒரு புது இழை.

இழைகளைப் பிரிப்பது ஹெலிகேஸ் என்ற நொதி. இரண்டு புரிக் கயிற்றை நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிரியப் பிரிய முன்பக்கம் முறுக்கு இறுகும். டி.என்.ஏ.விலும் அதே கதைதான். பாக்டீரியாவில் நகலெடுப்பு நொடிக்குச் சுமார் 1,000 எழுத்து வேகத்தில் நடக்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்தரை எழுத்து என்று வைத்தால், நொடிக்கு ஏறக்குறைய 100 சுற்று முறுக்கைக் கழற்றியாக வேண்டும். டோபோஐசோமரேஸ் என்ற நொதி முன்னால் போய், இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடுகிறது.

சரி, தலைவலிக்கு வருவோம். இழைக்குத் திசை உண்டு. அதன் முதுகெலும்பில் உள்ள சர்க்கரையின் கார்பன் எண்ணை வைத்து ஒரு முனையை 5 என்றும் மறுமுனையை 3 என்றும் சொல்கிறார்கள். ஏணியின் இரண்டு இழைகளும் தலைகால் மாறிக் கிடக்கின்றன. புது இழையை எழுதும் பாலிமரேஸ் நொதியோ 3 முனையில் மட்டுமே எழுத்தைச் சேர்க்கும். வேறு வழி தெரியாது. எனவே கவை, அதாவது இழைகள் பிரியும் இடம், திறக்கும் திசையும் எழுதும் திசையும் ஒத்துப்போகும் பக்கத்தில் அது நிற்காமல் ஓடுகிறது. மறுபக்கத்தில், கொஞ்சம் திறக்கும்வரை காத்திருந்து, கவைக்குப் பக்கத்தில் தொடங்கி எதிர்த்திசையில் ஒரு துண்டு எழுத வேண்டும். அப்புறம் மறுபடி கவைக்கு வந்து அடுத்த துண்டு. பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்து. நம் செல்களில் 200-க்கும் குறைவு. 1960-களில் இவற்றைக் கண்டுபிடித்த ஜப்பானியத் தம்பதி ரெய்ஜி, சுனேகோ ஒகசாகியின் பெயரே துண்டுகளுக்கு நிலைத்தது. கடைசியில் லைகேஸ் என்ற நொதி வந்து எல்லாவற்றையும் ஒட்டுகிறது.

இரு திசையிலும் எழுதும் நொதி ஒன்று இருந்தால் இத்தனை பாடு எதற்கு? பதில் பிழைதிருத்தத்தில் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. இரண்டு கழன்று விழும்போது வெளிப்படும் ஆற்றலில்தான் அது இழையோடு சேர்கிறது. தப்பான எழுத்து ஒட்டிவிட்டால் பாலிமரேஸ் அதை வெட்டி எறிகிறது. அடுத்து வரும் எழுத்து தன் ஆற்றலைத் தானே கொண்டுவருவதால் வேலை தடைபடுவதில்லை. 5 முனையில் வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆற்றல் இழையின் நுனியில் இருக்க வேண்டும். தப்பான எழுத்தை வெட்டினால் அந்த ஆற்றலும் சேர்ந்து போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். ஒழுங்காகத் திருத்த வேண்டுமென்றால் ஒருவழிப் பாதைதான் தோது.

பாலிமரேஸ் வெறும் இடத்தில் எழுதத் தொடங்காது என்பதும் இதே குணம்தான். சரியாக ஜோடி சேர்ந்த ஒரு நுனியைப் பார்த்த பிறகே அடுத்த எழுத்தை வைக்கும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் பிரைமேஸ் என்ற நொதி முதலில் சிறிய ஆர்.என்.ஏ. முன்னுரை ஒன்றை எழுதித் தருகிறது. அவசரத்தில் எழுதியது, பிழை இருக்கலாம். பரவாயில்லை, ஆர்.என்.ஏ. என்பதால் பின்னர் அடையாளம் கண்டு நீக்கிவிட்டு அங்கே டி.என்.ஏ. நிரப்பப்படுகிறது.

இந்த உழைப்புக்குப் பலன் பெரிது. எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சுமார் ஒரு லட்சத்துக்கு ஒரு பிழை. உடனடித் திருத்தம் அதை நூறு மடங்கு குறைக்கிறது. பின்னால் வரும் பழுதுபார்க்கும் நொதிகள் மிச்சத்தையும் பிடிக்க, கிட்டத்தட்ட நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் வந்து நிற்கிறது.

இடையில் ஒரு குடும்பக் கதை. முதல் பாலிமரேஸை 1956-இல் கண்டுபிடித்த ஆர்தர் கார்ன்பெர்க் நோபல் பரிசு பெற்றார். 1969-இல் கெய்ர்ன்ஸும் டி லூசியாவும் அந்த நொதி அனேகமாக வேலை செய்யாத பாக்டீரியாவைக் கண்டார்கள். அது சாகாமல் பெருகியது! முக்கிய எழுத்தர் வேறு யாரோ. மூன்றாம் பாலிமரேஸ் என்று பெயர் பெற்ற அந்த எழுத்தரைக் கண்டெடுத்தவர் ஆர்தரின் மகன் தாமஸ். முன்னுரைகளை நீக்கி நிரப்புவது அப்பா கண்ட நொதியின் வேலையாக நின்றது.

ஒருவழிப் பாதை ஒரு கடனையும் வைத்துவிட்டுப் போகிறது. நம் குரோமோசோமின் கடைக்கோடியில் கடைசி முன்னுரையை நீக்கினால், அந்த இடத்தை நிரப்ப அதற்கு முன்னால் நுனி எதுவும் இல்லை. எனவே செல் பிரியும் ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் தேய்கிறது. இதற்காகவே முனைகளில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்துச் சொல் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. தேய்ந்தாலும் ஜீன் எதுவும் போகாது. இனப்பெருக்க செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி தன்னுடனேயே ஓர் ஆர்.என்.ஏ. மாதிரியைக் கொண்டுவந்து, தேய்ந்ததைத் திரும்ப எழுதிவைக்கிறது. உடலின் பெரும்பாலான செல்களில் அது ஏறக்குறைய அணைந்தே கிடக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவற்றின் குரோமோசோம் வட்டம்.